எலும்பும் ஞாபகமும்

(கோவையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



வயசான காலத்தில் எலும்புக்கும் ஞாபகத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிப் பேசப் போறேன்னு சொன்னதும், கூட்டம் ஏற்பாடு பண்ணின தம்பி ஒருத்தர் சிரிச்சுட்டாரு. "ஏனுங்கக்கா, தனிக்குவளை இருக்குது, மயானப் பாதை இருக்குது, தூய்மைப் பணியாளர் சம்பளம் இருக்குது. நீங்க மூட்டுவலி பத்திப் பேசறேங்கறீங்களே"ன்னாரு. அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். நம்ம இயக்கத்தில் உடம்பைப் பற்றிப் பேசினால் அது வெட்டுப்பட்ட உடம்பாக இருக்கணும், எரிக்கப்பட்ட உடம்பாக இருக்கணும். திண்ணையில உட்கார்ந்து மெள்ள மெள்ளத் தேயுற கிழவியோட உடம்பை நாம அரசியலா எடுத்துக்கிட்டதே இல்லை. நான் இன்னைக்கு மயானப் பாதையைப் பற்றியும்தான் பேசப் போறேன். கடைசி வரைக்கும் கேளுங்க.

நான் நர்சு வேலை பார்த்தவள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு அருந்ததியர் வளவில் பிறந்தவள். எங்க வீட்டுக்குள்ள பேசறது தெலுங்கு. பாட்டியை அவ்வான்னுதான் கூப்பிடுவோம். எங்க அவ்வா எட்டு வயசுல ஒரு பண்ணையத்துல ஆடு மேய்க்கப் போனவ. அப்புறம் களை வெட்டு, கரும்பு வெட்டு, கிணறு வெட்டுற இடத்துல கல்லும் மண்ணும் கூடையில தலைச்சுமை. கொங்கு நாட்டுக் கிணறு எத்தனை ஆழம்னு உங்களுக்குத் தெரியும். அந்த ஆழத்தில் இருந்து படியேறி வந்த மண்ணில் எங்க அவ்வா தலை மேல வந்தது எத்தனை கூடைன்னு எந்தக் கணக்குலயும் இல்லை. ஏழு பெத்தா, நாலு தங்குச்சு.

1998ல் ஒரு விடியற்காலை, கோழி கூப்பிடற நேரத்துக்கு வெளிக்குப் போனவ வரப்புல தடுக்கி விழுந்தா. மேலே இருந்து விழல. நின்ன இடத்துல இருந்து விழுந்தா, அவ்வளவுதான். இடுப்பு எலும்பு முறிஞ்சு போச்சு. நாட்டுக் கட்டு போட்டோம். வலி தாங்கலைன்னு மூணு நாள் கழிச்சு ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே, "வயசாச்சு, ஆபரேஷன் தாங்காது, வீட்டுல வெச்சுப் பாருங்க"ன்னு சொல்லிட்டாங்க. அவ்வாவோட வயசு என்னன்னு அவங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. எங்க அம்மா வயசை வெச்சுக் கணக்குப் போட்டா அறுபத்தஞ்சைத் தாண்டியிருக்காது.

படுத்தவ எந்திரிக்கல. ஒரு மாசத்துக்குள்ள ராத்திரியில எந்திரிச்சு உட்கார்ந்து ஆடு ஓட்ட ஆரம்பிச்சா. செத்துப்போன பண்ணையக்காரரு வந்திருக்காருன்னு சீலையை இழுத்து மூடுவா. என்னைப் பார்த்து யாரு சாமின்னு கேட்டா. வளவுல சில பேரு முனி புடிச்சிருச்சுன்னாங்க. படிச்சவங்க, "வயசானா புத்தி தடுமாறத்தானே செய்யும்"னாங்க. இந்த ரெண்டு பேச்சுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை தோழர்களே. ரெண்டுமே காரணத்தைத் தேட வேண்டாம்னு சொல்ற பேச்சு.

பின்னாடி யோசிச்சுப் பார்க்கறப்பதான் தெரிஞ்சுது. விழறதுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே கொழம்புக்கு ரெண்டு தரம் உப்புப் போட்டா. சந்தைக்குப் போயிட்டு வர்ற வழியில, நாப்பது வருசமா நடந்த வழியில, திகைச்சு நின்னா. முதுகு கூன ஆரம்பிச்சுருந்துச்சு. இதையெல்லாம் நான் பார்த்தேன். நர்சு வேலைக்குப் படிச்ச நான்தான் பார்த்தேன். கூனை ஒரு பக்கமும் மறதியை ஒரு பக்கமும் வெச்சுட்டேன். ரெண்டையும் சேர்த்து வெச்சுப் பார்க்க எனக்கு யாரும் சொல்லித் தரல.

இப்ப மருத்துவ உலகம் இந்த ரெண்டையும் சேர்த்து வெச்சுப் பார்க்க ஆரம்பிச்சிருக்குது. அமெரிக்காவில் ஃப்ராமிங்காம் என்கிற ஊரில் தலைமுறை தலைமுறையாக மக்களின் உடம்பைக் கவனித்து வருகிறார்கள். 2005ல் அங்கிருந்து வந்த ஆய்வு, தொடையெலும்பின் கழுத்துப் பகுதியில் எலும்பு அடர்த்தி மிகக் குறைவாக இருந்த பெண்களுக்கு அல்சைமர் என்கிற மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்றது. 2021ல் கனடாவில் இருந்து வந்த ஆய்வு, வயதான பெண்களில் அறிவுத்திறன் சரிவதும் எலும்பு கரைவதும் ஒன்றாகவே நடக்கின்றன, அறிவுத்திறன் சரிந்தவர்களுக்கு அடுத்து வரும் ஆண்டுகளில் எலும்பு முறியும் அபாயமும் கூடுகிறது என்று சொன்னது. நெதர்லாந்தில் ராட்டர்டாம் நகரத்தில் சராசரி 72 வயதுள்ள 3651 பேரைச் சுமார் 11 ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் 688 பேருக்கு மறதி நோய் வந்தது. எலும்பு அடர்த்தி குறைவாக இருந்தவர்களுக்குப் பத்து ஆண்டுக்குள் அது வரும் வாய்ப்பு 42 சதவீதம் அதிகம் என்று 2023ல் எழுதினார்கள்.

இங்கே கவனமா இருக்கணும். எலும்பு தேய்ஞ்சதாலதான் மூளை தேயுதுன்னு இந்த ஆய்வுகள் நிரூபிக்கவில்லை. ராட்டர்டாம் ஆய்வு செய்தவர்களே சொல்வது, மறதி நோய் வெளியே தெரிய வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே உள்ளே தொடங்கிவிடுகிறது, அந்தக் காலத்தில் எலும்பு இளைப்பது அதன் ஒரு முன்னறிகுறியாக இருக்கலாம் என்பதைத்தான். நடமாட்டம் குறையுது, சாப்பாடு குறையுது, எடை குறையுது, எலும்பு இளைக்குது.

இன்னொரு வழியும் இருக்கிறது. எலும்பு வெறும் முட்டுக்கட்டை இல்லை. உயிருள்ள உறுப்பு. எலும்பைக் கட்டுகிற செல்கள் ஆஸ்டியோகால்சின் என்று ஒரு பொருளைச் சுரக்கின்றன. அது இரத்தத்தோடு போய் மூளைக்குள் நுழைகிறது என்று 2013ல் எலிகளில் காட்டினார்கள். அந்தப் பொருள் இல்லாமல் பிறந்த எலிகள் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவும் நினைவில் வைக்கவும் திணறின. எலியில் கண்டது மனுசருக்கு அப்படியே பொருந்தும்னு சொல்ல முடியாது. ஆனாலும் எலும்பு மூளையோட பேசுதுங்கறது கட்டுக்கதை இல்லை.

மூன்றாவது வழி, ரெண்டுக்கும் ஒரே வேர். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அது எலும்பையும் தொடும், மூளையையும் தொடும். கர்ப்பப்பையோடு சினைப்பையையும் சேர்த்து முப்பது முப்பத்தைந்து வயசில் எடுத்துப் போட்டால் அந்தக் காலம் பத்துப் பதினைந்து வருசம் முன்னாடியே வந்துவிடும். நம்ம வளவுகளில் "இனி புள்ளை வேண்டாம்ல, எடுத்துரலாம்"னு சொல்லி எடுத்தது எத்தனை பேருக்குன்னு உங்க அம்மாக்களைக் கேளுங்க.

இதைச் சொன்னால் ஒரு எதிர்வாதம் வரும். நம்ம சனங்களே சொல்லுவாங்க. "நாம வெயில்ல பாடுபடற சனம். சுமை தூக்கற சனம். நமக்கு எலும்பு இரும்பு மாதிரி. இதெல்லாம் ஏசியில உட்கார்ந்திருக்கறவங்க நோவு." இதில் பாதி உண்மை. சுமையும் நடையும் எலும்பை வளர்க்கும். வெயில் தோலில் பட்டால் வைட்டமின் டி கிடைக்கும். திருப்பதிப் பக்கம் நடந்த ஆய்வுகளில் நகரத்தாரைவிடக் காட்டு வேலை செய்கிற கிராமத்தாருக்கு வைட்டமின் டி மேலாகவே இருந்தது. ஆனால் அதே ஆய்வுகள் இன்னொன்றையும் சொல்கின்றன. சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. செங்கல்லே இல்லாமல் கொத்தனாரை மட்டும் நிறுத்தி வைத்தால் சுவர் எழும்புமா? அப்புறம், நம்ம பெண்கள் எல்லோரும் இன்னைக்குக் காட்டுலயா இருக்காங்க? கோவை, திருப்பூர் மில்லுகளிலும் பனியன் கம்பெனிகளிலும் விடியறதுக்கு முன்னாடி உள்ளே போய் இருட்டின பிறகு வெளியே வர்ற பெண்களுக்கு அந்த வெயிலும் இல்லை.

எலும்புக்கு ஒரு கணக்கு உண்டு தோழர்களே. எலும்பில் போடுகிற முதல் எல்லாம் ஏறத்தாழ முப்பது வயசுக்குள் போட்டு முடிந்துவிடும். அதிலும் பெரும்பங்கு வளர்கிற பருவத்தில். அதுக்கு மேல எடுக்கறதுதான், போடறது இல்லை. எடுக்க எடுக்கக் கையிருப்பு தாங்கணும். இப்ப யோசிங்க. எட்டு வயசுல இருந்து பதினெட்டு வயசு வரைக்கும் நம்ம அவ்வாக்கள் எங்க இருந்தாங்க? பெருமாள்முருகனோட 'கூளமாதாரி' நாவலை மாணவர்கள் படிச்சிருப்பீங்க. பண்ணையத்துல ஆடு மேய்க்கிற நம்ம பிள்ளைகள் கதை அது. அந்தப் பிள்ளைகள் என்ன சாப்பிட்டாங்க? பழைய சோத்துத் தண்ணி, மிச்சம் மீதி. பால் கறந்து கொடுத்தது நாம. தயிர் கடைஞ்ச வாசனை அவங்க தாவாரத்துல. மாட்டுச் சாணியும் மாடு செத்தா அந்த மாடும் மட்டும் நமக்கு. எலும்புக்கு முதல் போட வேண்டிய வயசுல நம்ம உழைப்பை முதலாப் போட்டு அவங்க பண்ணையம் வளர்த்தாங்க. அறுபது வயசுல முறிஞ்ச இடுப்பு அந்த எட்டு வயசுல தொடங்கினது.

இதை வெறும் ஆவேசமாச் சொல்லல. ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் வேலை செய்த மருத்துவர் வீணா சத்ருக்னா, ஏழைப் பெண்களின் எலும்பை அளந்து பார்த்தவர். முப்பதில் இருந்து அறுபது வயசுக்குள் இருந்த ஏழைப் பெண்களிடம் அவர் குழு நடத்திய ஆய்வு 2005ல் வெளிவந்தது. தொடையெலும்பின் கழுத்துப் பகுதியில் ஏறத்தாழ 29 சதவீதம் பேருக்கு எலும்புப்புரை. இன்னும் 52 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய நிலை. எலும்பு உறுதியாக இருந்தவர்கள் ஐந்தில் ஒருவர்தான். கிழவிகள் இல்லீங்க, முப்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் இருந்த பெண்கள்.

அந்த அம்மா அதோடு நிற்கவில்லை. இந்தியாவில் ஊட்டச்சத்து விஞ்ஞானம் யாருடைய தட்டைப் பார்த்து எழுதப்பட்டது என்று கேட்டார். ஏழைக்கு மலிவான சமச்சீர் உணவு என்று சொல்லி அரிசியும் பருப்பும் கலந்த கணக்கை எழுதினார்கள், பாலும் முட்டையும் இறைச்சியும் அந்தக் கணக்கில் இருந்து ஓரங்கட்டப்பட்டன, அதற்குப் பின்னால் மேல்சாதி மரக்கறிப் பார்வை இருக்கிறது என்று தொடர்ந்து சொல்லி வந்தவர் அவர். இன்னொரு கணக்கு சொல்றேன். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சுண்ணாம்புச் சத்து போதும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கிறது. அது நீண்ட காலம் 400 மில்லிகிராம் என்று இருந்தது. 2010ல் 600 ஆச்சு. 2020ல் 1000 ஆச்சு, மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு 1200. நம்ம அவ்வாக்கள் வாழ்ந்து முடிச்ச காலம் முழுக்க, அவங்களுக்கு 400 போதும்னு காகிதத்துல இருந்துச்சு. அந்த 400 கூட அவங்க தட்டுக்கு வரலைங்கறது வேற கதை.

சாப்பாட்டைப் பற்றி நம்மகிட்டேயும் ரெண்டு கோளாறு இருக்குது. ஒன்று, நாம ராகியை விட்டுட்டோம். நூறு கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே அளவு அரிசியில் பத்து மில்லிகிராம் வாக்கில்தான். களி திங்கறவன் கீழ்சாதி, நெல்லுச்சோறு திங்கறவன் மேல்சாதின்னு இருந்த ஊர்ல, கையில காசு வந்ததும் நாம முதல்ல தூக்கிப் போட்டது களியைத்தான். அந்த அவமானம் எங்கிருந்து வந்ததுன்னு எனக்குப் புரியுது. ஆனா விலை கொடுத்தது நம்ம எலும்பு. முருங்கைக் கீரையும் அப்படித்தான், நூறு கிராமுக்கு 300க்கு மேல். வேலியோரம் சும்மா நிக்குது.

ரெண்டாவது, மாட்டுக்கறி. வைட்டமின் பி12 என்கிற சத்து செடி கொடியில் கிடையாது. கறி, மீன், முட்டை, பாலில் மட்டும்தான். அது குறைந்தால் கை கால் மரத்துப் போகும், நடை தள்ளாடும், ஞாபகம் மங்கும். மறதி நோய் மாதிரியே இருக்கும். ஆனால் காலத்தோடு கண்டுபிடித்து ஊசி போட்டால் பெரும்பாலும் மீட்டுக்கொண்டு வரலாம். நூறு கிராம் மாட்டுக்கறியில் ஒரு நாளைக்கு வேண்டிய பி12 கிட்டத்தட்ட கிடைத்துவிடும், ஈரலில் அதைவிடப் பல மடங்கு. நம்மை இழிவுன்னு சொல்றதுக்கு எந்தச் சாப்பாட்டைக் காட்டினாங்களோ அதுலதான் மூளைக்கு வேண்டிய சத்து இருந்திருக்குது. வாடகை வீட்டுக்காரருக்குப் பயந்து, கோவில் மாலை போட்டவங்களைப் பார்த்து, கறியை நிறுத்திட்ட வீடுகள் நம்மில் இப்ப நிறைய. கறி வேண்டாம்னா முட்டையாவது, பாலாவது வேணும். ஒண்ணுமே இல்லாம ரசஞ்சோறு மட்டும் கிழவிக்கு ஊத்திட்டு, "அவுங்களுக்கு இதுதான் செரிக்கும்"னு சொல்லாதீங்க. அதே மாதிரி, எலும்பு சூப்பு குடிச்சா எலும்பு ஊறும்னு நம்ம வீட்டுல சொல்றதையும் நம்பி இருந்துறாதீங்க. எலும்புல இருக்கற சுண்ணாம்பு தண்ணியில ரொம்ப இறங்கறதில்லை. முள்ளோட கடிச்சுத் திங்கற நெத்திலிக் கருவாடு அதைவிட மேல்.

இப்ப ஞாபகத்துக்கு வர்றேன். 2024ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் ஒன்று, மறதி நோய்க்கு வழி வைக்கிற, ஆனால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரி செய்தால் உலகத்தில் உள்ள மறதி நோயில் 45 சதவீதம் வரை தடுக்கலாம் அல்லது தள்ளிப் போடலாம் என்றது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, காது மந்தம், கண் மங்கல், தலையில் அடி, உடலுழைப்பு இன்மை, புகை, குடி, தனிமை, மாசுபட்ட காற்று எல்லாம் அதில் உண்டு. சின்ன வயசில் படிப்பு இல்லாததும் உண்டு. பள்ளிக்கூடம் போன மூளை, நோய் வந்தாலும் கொஞ்ச காலம் தாங்குகிறது. அதுக்கு ஒரு சேமிப்பு இருக்குது, எலும்புக்கு இருக்கிற மாதிரியே. எட்டு வயசுல ஆடு மேய்க்க விட்டவங்க எங்க அவ்வாவுக்கு ரெண்டு சேமிப்பையும் ஒரே நாள்ல மூடுனாங்க. பால் இல்லை, பலகையும் இல்லை. எலும்புக்கும் ஞாபகத்துக்கும் என்ன தொடர்புன்னு என்னைக் கேட்டா முதல்ல இதைத்தான் சொல்லுவேன். ஆஸ்டியோகால்சின் எல்லாம் அப்புறம்.

இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு என்று 2023ல் வந்த பெரிய கணக்கெடுப்பு சொல்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம்.

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதிலும் ஒரு அரசியல் இருக்கிறது. உலகம் முழுக்கப் பயன்படுகிற சோதனை ஒன்று உண்டு. நூறில் இருந்து ஏழு ஏழாகக் கழி என்பார்கள். ஒரு வாக்கியம் எழுது, காகிதத்தில் இருப்பதைப் படி, ஐங்கோணத்தைப் பார்த்து வரை என்பார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத கிழவி இதில் தோற்றுத்தான் போவாள், மூளை நல்லா இருந்தாலும். இது தெரிந்துதான் ஹரியானாவில் பல்லப்கர் கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகவே ஒரு சோதனையை உருவாக்கி 1995ல் வெளியிட்டார்கள். அப்படி ஒன்றை வைத்துத்தான் இந்தக் கணக்கெடுப்பும் நடந்தது. ஆனா நம்ம ஊர்ல டாக்டர் என்ன கேக்கறாரு? "பாட்டி, இன்னைக்கு என்ன தேதி?" எங்க அவ்வாவுக்குத் தேதி எப்பவுமே தெரியாது. அமாவாசைக்கு எத்தனை நாள், அடுத்த சந்தை என்னைக்கு, பட்டியில எத்தனை உருப்படின்னு கேட்டிருந்தா அவ மூளையோட நிலைமை தெரிஞ்சிருக்கும். அதையும் தெலுங்குல கேட்டிருக்கணும். வீட்டுல எப்படி இருந்தாங்க, இப்ப எப்படி மாறியிருக்காங்கன்னு கூட இருக்கற மகளைக் கேட்கணும். கேட்க ஆள் இல்லாததால ஒரு பக்கம் நல்லா இருக்கற கிழவியை மண்டு என்கிறார்கள். இன்னொரு பக்கம் நோய் வந்த கிழவியை, "அது முன்னாடியே அப்படித்தான், தற்குறி"ன்னு விட்டுடறாங்க.

இந்த இடத்தில் மாணவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். நம்ம சனம் முதுமை வரைக்கும் இருக்கறதே கம்மிதானே? ஆமாம். இறந்துபோன பெண்களின் வயதைச் சாதிவாரியாகப் பார்த்தால், தலித் பெண்கள் மேல்சாதிப் பெண்களைவிடச் சராசரியாக 14.6 ஆண்டு முன்னதாகவே இறந்திருக்கிறார்கள் என்று ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. அதனாலதான் சொல்றேன். இத்தனையையும் தாண்டி ஒரு கிழவி நம்ம வளவுல உயிரோட இருக்கான்னா அவ எங்கிருந்து தப்பிச்சு வந்திருக்கா பாருங்க.

அப்படித் தப்பி வந்தவகிட்ட என்ன இருக்குது? மயானப் பாதைக்கு வர்றேன்.

எங்க வளவுக்கு மயானத்துக்குப் போக ஒரு வண்டித்தடம் இருந்துச்சு. பிற்பாடு அதைச் சேர்த்து வேலி போட்டாங்க. பொணத்தை ஓடைக்குள்ள இறங்கித்தான் தூக்கிட்டுப் போகணும். மழைக்காலத்துல இடுப்பளவு தண்ணி. 2000த்தில் மனு மேல மனு போட்டு, கடைசியில் விசாரணைக்கு அதிகாரிங்க வந்தாங்க. தடம் எங்கே இருந்துச்சு, எந்தப் புளியமரத்துக்கு எந்தப் பக்கம் திரும்பும், எல்லைக் கல்லு எங்கே, யாரு காலத்துல வேலி வந்துச்சுன்னு கேட்டாங்க. எங்ககிட்டக் காகிதம் இல்லை. காகிதம் எல்லாம் அவங்ககிட்ட. எங்ககிட்ட இருந்தது ஆளுங்க. அந்தத் தடத்துல சின்ன வயசுல ஆடு ஓட்டினவங்க மூணு பேரு. ரெண்டு பேரு செத்துட்டாங்க. மூணாவது ஆளு எங்க அவ்வா.

கட்டிலோட தூக்கிட்டு வந்து வெச்சோம். கூட்டம் நிக்குது. வேலிக்காரரும் நிக்கறாரு. "அவ்வா, தடம் எங்கே இருந்துச்சு, சொல்லு"ன்னு எங்க அம்மா கேட்டா. அவ்வா அந்த ஆளைப் பார்த்தா. அவரு அவங்கப்பா மாதிரியே இருப்பாரு. சீலையை இழுத்து மூடிட்டு, "ஆடு உள்ள போகல சாமி, நான் திருப்பிட்டேன் சாமி"ன்னா. கையெடுத்துக் கும்பிட்டா.

எல்லாமே மறந்து போச்சு அவளுக்கு. பயம் மட்டும் மறக்கல.

நோய் புது ஞாபகத்தை முதல்ல தின்னும், பழசைக் கடைசியில தின்னும்னு நான் படிச்சிருக்கேன். அன்னைக்கு அதை நேர்ல பார்த்தேன். எங்க சாட்சி அதோட முடிஞ்சுது. 2003ல் அவ்வா செத்தா. ஓடைக்குள்ள இறங்கித்தான் கொண்டு போனோம்.

தோழர்களே, நம்ம வரலாறு கல்வெட்டுல இல்லை, செப்பேட்டுல இல்லை, பட்டாவுல இல்லை. நம்ம கிழவன் கிழவி மண்டைக்குள்ள இருக்குது. எந்தக் கிணறு யாரு வெட்டினது, எந்த நிலம் யாருகிட்ட இருந்து போச்சு, முதல் முதலாச் செருப்புப் போட்டுத் தெருவுல நடந்தது யாரு, அதுக்கு என்ன அடி வாங்கினாரு, எல்லாம் அங்கேதான். அந்த மண்டையைத் தாங்கற எலும்பு முறியறப்ப நம்ம ஆவணக் காப்பகம் முறியுது. அதனாலதான் இது எனக்கு மூட்டுவலிப் பேச்சு இல்லை.

என்ன செய்யலாம்? எல்லாமே கைக்கு எட்டுகிற காரியங்கள்தான்.

நின்ன இடத்துல இருந்து விழுந்து ஒரு எலும்பு முறிஞ்சா, மணிக்கட்டா இருந்தாலும் சரி, அதைச் சாதாரணமா விடாதீங்க. ஐம்பது வயசுக்கு மேல அப்படி இடுப்போ முதுகெலும்போ முறிஞ்சா அதுவே எலும்புப்புரைன்னு அர்த்தம், ஸ்கேன் எடுத்துத்தான் தெரியணும்னு இல்லை. கட்டுப் போடறதோட நிறுத்தாம, அடுத்த முறிவைத் தடுக்க மருந்து கேளுங்க. வாரம் ஒரு மாத்திரை போதும்ங்கற விலை குறைஞ்ச மருந்து இருக்குது. இடுப்பு முறிஞ்சவங்களை வயசாச்சுன்னு திருப்பி அனுப்ப விடாதீங்க. படுத்தே கிடந்தால்தான் நெஞ்சுச் சளியும் படுக்கைப் புண்ணும் புத்தித் தடுமாற்றமும் சேர்ந்து வரும். சீக்கிரம் அறுவை செய்து சீக்கிரம் எழுப்பி நடக்க வைப்பதுதான் முறை. அந்த நாட்களில் வரும் திடீர்க் குழப்பத்துக்கு முனி காரணம் இல்லை. நோய்த்தொற்றோ, வலியோ, நீர்ச்சத்துக் குறைவோ, மருந்தோ இருக்கும். பார்த்துச் சரி பண்ணலாம். மூணு நாள் நாட்டுக் கட்டுல போன எங்க தப்பை நீங்க பண்ணாதீங்க.

கூனும் மறதியும் சேர்ந்து தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். பி12, தைராய்டு, சர்க்கரை, கண், காது எல்லாம் பார்க்கச் சொல்லுங்க. மக்களைத் தேடி மருத்துவம் 2021ல் தொடங்கின திட்டம். வீட்டுக்கே வந்து ரத்தக் கொதிப்பு, சர்க்கரை பார்க்கறதும் உடற்பயிற்சி சொல்லித் தர்றதும் அதில் உண்டு. வர்ற அம்மாவை நம்ம வளவுக்குள்ள, கடைசி வீடு வரைக்கும் கூட்டிட்டுப் போறது நம்ம வேலை. "விழுந்தீங்களா, மறக்குதா"ன்னு ரெண்டு கேள்வியையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்க.

ரேஷனில் ராகி கேட்போம். 2023ல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அட்டைக்கு 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினாங்க. அது ஒவ்வொரு மாவட்டத்துக்கும், ஒவ்வொரு கடைக்கும் வேணும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு 2010ல் இருந்து வாரம் ஐந்து முட்டைன்னு ஆச்சு. அதில் கை வைக்க யார் வந்தாலும் அது நம்ம பிள்ளைகளோட அறுபது வயசு எலும்பு மேல வைக்கிற கை. முதியோர் ஓய்வூதியத்தை 2023ல் ஆயிரத்தில் இருந்து 1200 ரூபாய் ஆக்கினாங்க. ஒரு நாளைக்கு நாற்பது ரூபாய். அதில் பாலும் முட்டையும் மாத்திரையும் வாங்கிப் பாருங்கன்னு சட்டமன்றத்துல கேட்க வைக்கணும். வீட்டுக்குள்ள கழிப்பறை, தெருவுக்கு விளக்கு, வாசலுக்குக் குழாய். இதெல்லாம் வெறும் வசதி இல்லை. இருந்திருந்தா எங்க அவ்வா இருட்டுல வரப்பேறிப் போயிருக்க மாட்டா.

கடைசியா மாணவர்களுக்கு ஒண்ணு. உங்க ஒவ்வொருத்தர் சட்டைப் பையிலயும் குரலைப் பதிவு பண்ற போன் இருக்குது. இந்த ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போங்க. உங்க அவ்வாவையோ அம்மாயியையோ கையைப் பிடிச்சு மெதுவா நடக்க வைங்க. நடை எலும்புக்கும் நல்லது, மூளைக்கும் நல்லது. நடந்துக்கிட்டே கேளுங்க. இந்தத் தடம் முன்னாடி எங்கே போச்சு, இந்தக் கிணறு யாரு வெட்டினது, அந்த மரத்தடியில என்ன நடந்துச்சு. அவங்க காட்டற இடத்துல நின்னு பதிவு பண்ணுங்க. தேதி போட்டு வெச்சுக்கங்க.

எங்க வளவுக்கு மயானப் பாதை இன்னும் வரல. மனு நிலுவையில இருக்குது. எங்க அம்மாவுக்கு இப்ப எழுபத்தஞ்சு. கூன் இல்லை. ராகிக் களி, வாரம் ரெண்டு நாள் கறி, காலையில நடை. தன் அம்மா சொல்லக் கேட்டதையும் தான் பார்த்ததையும் வெச்சு அந்தத் தடத்தை அவ தரையில கோடு போட்டுக் காட்டுவா. நான் பதிவு பண்ணி வெச்சிருக்கேன்.

அடுத்த விசாரணைக்கு அவ நடந்தே வருவா.

ஜெய்பீம்.